வேலிக்கு அப்பால் போன தண்ணீர்



லண்டனுக்குப் புதிதாக வந்து, பின்வளவுடன் வாடகை வீடு எடுத்திருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்று எங்கள் அனுபவம் ஒன்றை எழுதுகின்றோம்.

2022 யூலை 19 ஆம் திகதி ஹீத்ரோவில் 40.2 பாகை வெப்பம். இந்த நாட்டில் 40 பாகையைத் தாண்டியது அன்றுதான் முதல் தடவை. எங்கள் வீட்டுப் புல் வைக்கோலாகக் காய்ந்தது. தோட்டத்தைப் பராமரிப்பது எங்கள் பொறுப்பு என்று வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. கட்டிய முற்பணம் போய்விடுமோ என்று பயந்து, தட்டித் தட்டிச் சுழன்று தண்ணீர் வீசும் ஸ்பிரிங்கிளர் ஒன்றை வாங்கினோம்.

ஊரில் நாங்கள் தண்ணீரோடு வளர்ந்தவர்கள். 1990 க்குப் பின் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மெசின் நின்றபோது ஐயா துலா மிதித்தார். நாங்கள் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறினோம். வரம்பு உடைந்து அடுத்த காணிக்குள் தண்ணீர் பாய்ந்தால் அன்றைக்குச் சண்டைதான். ஆனால் ஆகாயத்தில் பறக்கும் தண்ணீருக்கு வரம்பு கட்ட எங்களுக்குத் தெரியவில்லை.

பின்னேரம் ஏழு மணிக்குப் பூட்டிப் பார்த்தோம். வேலிக்கு ஓரடி முன்னால் தண்ணீர் விழுந்தது. அடுத்த நாள் இரவு வேலை முடிந்து விடிய ஐந்து மணிக்கு வந்து, பைப்பை அதே அளவு திறந்துவிட்டுப் படுத்துவிட்டோம்.

மத்தியானம் எழும்பினால் வாசலில் கையால் எழுதிய ஆங்கிலக் கடிதம் ஒன்று. ஹோம் ஒபிஸ் கடிதங்களைக் கண்டு பழகியவர்களுக்கு எங்கள் நெஞ்சு பதறியது விளங்கும். பொலிசுக்குச் சொல்லிவிட்டார்களோ என்றுகூட நினைத்தோம். தொழிற்சாலையில் ஓர் அண்ணையிடம் காட்டினோம்.

"பயப்படாதேங்கோ தம்பி. பக்கத்து வீட்டு அம்மான்ர உடுப்புக் கொடியில தண்ணி அடிக்குதாம். கொஞ்சம் குறைக்கச் சொல்லி எழுதியிருக்கிறா."

காரணத்தையும் அவரே சொன்னார். பின்னேரம் எல்லா வீட்டிலும் தண்ணீர் பாவிப்பதால் குழாயில் அழுத்தம் குறைவு. விடியப்புறம் அழுத்தம் கூடும், தண்ணீர் தூரம் போகும். ஆகவே, தண்ணீர் விடுகின்ற அதே நேரத்தில்தான் அளவு பார்க்க வேண்டும்.

முதலில் பைப்பைக் குறைத்தோம். ஸ்பிரிங்கிளர் சுழலாமல் நின்று ஓரிடத்தில் சேறாக்கியது. பிறகுதான் வாய்க்கு முன்னால் இருந்த சிறிய திருகாணியைக் கண்டோம். அதை உள்ளே திருகினால் தண்ணீர்த் தாரை உடைந்து கிட்ட விழும். வெளியே திருகினால் தூரம் போகும். மேலே உள்ள தகட்டைச் சரித்தால் தண்ணீர் தாழப் போகும். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டக் காட்ட, நாங்கள் இந்தப் பக்கம் திருகினோம். ஒரு வருடமாக அவவோடு நாங்கள் ஒரு சொல் பேசியதில்லை.

ஓகஸ்ட் 24 இல் தேம்ஸ் வோட்டர் ஹோஸ் பைப்புக்குத் தடை போட்டது. மீறினால் 1000 பவுண் வரை தண்டம். ஸ்பிரிங்கிளரைக் கழற்றி வைத்தோம். மழை வந்ததும் புல் தானாகவே பச்சை பிடித்தது. முற்பணத்துக்காக நாங்கள் பட்ட பயம் வீண்.

ஆகவே உறவுகளே, ஸ்பிரிங்கிளர் வாங்கினால் தண்ணீர் எங்கே விழுகிறது என்று வேலியடியில் நின்று பாருங்கள். கடிதம் வந்தால் முதலில் யாரிடமாவது வாசிப்பியுங்கள். பயப்படுவதைப் பிறகு பார்க்கலாம்.