திருநீற்றுப் பை

பாசம் என்னுஞ் சொல் உலக வழக்கில் உறவினர்பாற் கொள்ளும் பற்றினையும், சித்தாந்த வழக்கில் உயிரைப் பிணிக்கும் மலத்தினையும் உணர்த்தும். கயிறு என்னும் பொருளும் அதற்குண்டு. கயிறு கட்டுதற்கும் உதவும். கிணற்றில் வீழ்ந்தானை மேலெடுத்தற்கும் உதவும். மாயை மலமேயாயினும் உயிர்க்கு விளக்குப்போல் உதவுமென நம் ஆசிரியர் கூறுதல் அறிஞர் அறிந்ததே.

காஞ்சிமாநகரிற் சைவக் குடும்பமொன்றில் நிகழ்ந்த சிறு செய்தி இதனை நினைப்பிக்கின்றது. அவ்வீட்டுப் பெரியவர் எண்பதாண்டு கடந்தவர், சிவதீக்கை பெற்றவர், நாடோறும் திருவேகம்பஞ் சென்று வழிபட்டு வந்தவர். முதுமையால் அவர் கைகள் நடுங்கத் தலைப்பட்டன. பித்தளைச் சம்புடத்தின் மூடியைத் திறக்குந்தோறும் திருநீறு நிலத்திற் சிந்திற்று. சிந்திய நீற்றை எடுத்து அவ்விடத்தைத் தூய்மை செய்தல் வேண்டுமென்பது நாவலர் பெருமான் சைவ வினாவிடையில் வகுத்த ஒழுக்கம். குனியவும் இயலாதவர் என் செய்வார்? பிறரை ஏவவும் நாணினார். சம்புடம் மாடத்தில் ஏறிற்று; சின்னாளிற் கோயிற் செலவும் நின்றது. காரணத்தை அவர் எவரிடமுங் கூறினாரல்லர். அதனைக் கண்டறிந்தவள் பதின்மூன்று வயதுப் பெயர்த்தியே.

அவள் குரோஷாப் பின்னல் கற்றவள். ஐரோப்பியர் வழியாக வந்த இக்கைவேலை நம் இல்லங்களில் மேசை விரிப்பாகவும் கதவுத் தோரணமாகவுமே பெரிதும் பயின்றது. காஞ்சித் தறிக்குப் பாவும் ஊடும் வேண்டும்; இதற்கோ ஓரிழையும் முனைவளைந்த ஓர் ஊசியுமே போதும். ஒரு கண்ணியினுள்ளே அடுத்த கண்ணியை இழுத்து வாங்கிக்கொண்டே செல்லல் வேண்டும். ஊசியிலுள்ள கடைக்கண்ணி நழுவி நூலும் இழுபடின், பின்னியதெல்லாம் அவிழ்ந்து மீண்டும் ஓரிழையேயாகும்.

முதலில் அவள் நீண்ட கண்ணிகளாற் பூவேலை அமைத்து ஒரு பை பின்னினாள். கண்டார் அனைவரும் வியந்தனர். நீற்றை இட்டுப் பார்த்தபோதோ பூவிதழ்களின் இடையெல்லாம் ஒழுகிற்று. “உள்ளே துணி வைத்துத் தைத்துவிடு, அம்மா, அழகு கெடாது” என்றாள் அன்னை. “தாத்தாவின் விரல் துணியில் மாட்டிக்கொள்ளும்” என்று கூறி, இரு வாரத்து உழைப்பை அவள் ஒரே இழுப்பாய் அவிழ்த்தாள்.

பின்னர் மெல்லிய ஊசியால், குட்டைக் கண்ணிகளை நெருக்கித் தொடங்கினாள். முதற்சுற்றில் 6 கண்ணி, பின் 12, 18, 24 எனச் சுற்றுக்கு ஆறாறாய் மிகுத்தமையால் அடி தட்டையாயிற்று, பை உருளாது. மிகுத்தலை நிறுத்தியவுடன் சுவர் எழுந்தது. அவ்வாறே இரண்டு பின்னி, ஒன்றனுள் ஒன்றை வைத்து வாயில் இணைத்தாள். நடுங்குங் கை முழுதும் நுழையுமாறு வாயை அகலமாக விட்டாள். கையினின்று உதிர்வது பையினுள்ளேயே வீழும். சுருக்குக் கயிற்றின் நுனிகளிற் பெரிய குஞ்சங்களைக் கட்டினாள். விரலாற் பற்ற இயலாதார் உள்ளங்கையால் இழுத்துக்கொள்ளலாம்.

தன் பாட்டனார்க்குச் செய்தது பாசமேயன்றித் தொண்டாமோ எனிற் கூறுதும். அடியார் திருவேடத்தை அரனெனத் தொழுகவெனச் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதித்தது. அவ்வேடம் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பின் தொழற்க என விலக்கிற்றில்லை. இக்காஞ்சியிலேயே, குளிர்க்கு அஞ்சிய மெலிந்த அடியாரொருவரின் அழுக்குக் கந்தையை வெளுத்து மாலைக்குள் தருவேனென்று ஏற்றதன்றோ திருக்குறிப்புத்தொண்டர்க்கு வீடுபேற்றுக்கு வாயிலாயிற்று? பெயர்த்தி இவற்றையெல்லாம் எண்ணிப் பின்னினாள் என்றல் மிகை. தாத்தா மீண்டுங் கோயிலுக்குச் செல்லல் வேண்டும் என்பதே அவள் எண்ணியது.

ஒரு திங்கட்கிழமை காலையிற் பையை அவர் மடியில் வைத்தாள். பெரியவர் கையை உள்ளே விட்டார்; கை நடுங்கிற்று; உதிர்ந்த நீறு பையினுள்ளேயே வீழ்ந்தது. இருமுறை அவ்வாறு செய்து பார்த்தார். பின் தாம் அணிந்து, அவள் நெற்றியிலும் இட்டு, கைத்தடி எங்கேயென வினவினார்.

இப்பொழுது அப்பை திங்கள்தோறும் கழுவப்படுகின்றது. கண்ணிகளிற் படிந்த நீறு கரைந்த அந்நீரைக் கால் படாதபடி புழைக்கடை வில்வத்தின் அடியில் வார்ப்பவளும் அவளே.