நாமே எழுதும் நிலப்படம்



நிலப்படம் என்றதும் வகுப்பறைச் சுவரில் தொங்கும் வண்ணத்தாள் உங்கள் நினைவுக்கு வரலாம். நாடுகளும் ஆறுகளும் மலைகளும் அதில் உரிய இடங்களில் அமைந்திருக்கும். அதனை வரைந்தவர் யார்? எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது என்று முடிவு செய்தவர் யார்? இவ்வினாக்கள் நமக்கு எளிதில் எழுவதில்லை. பணிமாற்றம் பெற்றுத் தமிழாசிரியராக டேராடூனுக்கு வந்த பிறகே இவை என் சிந்தனையில் இடம்பெற்றன.

டேராடூனை நிலப்படங்களின் நகரம் எனலாம். இந்திய நில அளவைத் துறையின் தலைமையகம் இங்குதான் உள்ளது. 1802ஆம் ஆண்டு, சென்னைப் பரங்கிமலைக்கு அருகே, வில்லியம் லாம்டன் என்பவர் சங்கிலி கொண்டு ஓர் அடிக்கோட்டை அளந்தார். அங்குத் தொடங்கிய முக்கோண அளவைப் பணி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்து, குமரிமுனையிலிருந்து டேராடூனையும் முசூரி மலையையும் எட்டியது. தமிழ்நாட்டிலிருந்து நான் ஓரிரு நாளில் தொடர்வண்டியில் கடந்து வந்த தொலைவை முன்னோர் அடி அடியாக அளந்து வந்தனர் என்று எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

இம்மலைநாட்டைச் சேர்ந்த மற்றொருவரையும் நீங்கள் அறிய வேண்டும். குமாவூன் பகுதியிலுள்ள மிலம் என்னும் சிற்றூரில் பிறந்த நைன் சிங் ராவத் ஒரு பள்ளி ஆசிரியர். நில அளவைத் துறையினர் அவருக்கு டேராடூனில் பயிற்சி அளித்தனர். அவர் திபெத்துக்கு நடந்தே சென்று, 1866இல் லாசா நகரை அடைந்தார். ஒரே அளவாக அடி எடுத்து வைக்கப் பழகிய அவர், நூறு அடிக்கு ஒரு மணி என்று செபமாலையை உருட்டித் தாம் நடந்த தொலைவைக் கணக்கிட்டார். வழக்கமான மாலையில் 108 மணிகள் இருக்கும். அவர் மாலையில் இருந்தவை 100. குறிப்புகளைச் செபச் சக்கரத்தினுள் மறைத்து வைத்தார். நிலத்தை அறிய, அதன்மீது நடக்க வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

ஆயினும், அப்பணிகள் யாவும் அன்றைய ஆட்சியின் தேவைக்காக நடைபெற்றவை. ஆட்சிக்குத் தேவையான எல்லைகளும் சாலைகளும் படத்தில் ஏறின. எளிய மக்கள் வாழும் சந்துகள் பல ஏறவில்லை. இக்குறை இன்றும் முற்றிலும் நீங்கிவிடவில்லை.

இதனை எனக்கு உணர்த்தியவர் என் மாணவி ஒருவர். அவருடைய தந்தை இந்நகரில் சிறிய இட்லிக் கடை ஒன்றை நடத்துகிறார். நகரின் நடுவே ஓடும் பிந்தால் ஆற்றங்கரையில் அவர்கள் குடியிருக்கின்றனர். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் அவ்வாறு, மழைக்காலத்தில் திடீரெனப் பெருக்கெடுக்கும். ‘எங்கள் தெரு’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். அம்மாணவி எழுதியது பின்வருமாறு: “எங்கள் தெரு நிலப்படத்தில் இல்லை. மழை பெய்த இரவில் பாட்டிக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தெருவைக் கண்டுபிடிக்க முடியாமல் பெரிய சாலையிலேயே நின்றார். அண்டை வீட்டார் பாட்டியைக் கட்டிலோடு தூக்கிச் சென்றனர்.” பாட்டி நலம்பெற்று வீடு திரும்பினார். அக்கட்டுரைக்கு மதிப்பெண் இட்டதோடு என் கடமை முடிந்துவிட்டதாகக் கருத மனம் ஒப்பவில்லை. இல்லாத தெருவை நாமே எழுத இயலுமா என்று தேடியபோதுதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த நிலப்படத்தின் அறிமுகம் கிடைத்தது.

2004ஆம் ஆண்டு ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இங்கிலாந்தில் இதனைத் தொடங்கினார். அந்நாட்டு அரசு அமைப்பு அளந்து வைத்திருந்த நிலப்படத் தரவுகள் அப்போது பொதுமக்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கவில்லை. எனவே, ஆர்வலர்கள் இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கருவியுடன் தெருத்தெருவாக நடந்தும் மிதிவண்டியில் சென்றும் தாங்களே படம் வரையலாயினர். பலர் கூடி விக்கிப்பீடியாவை எழுதுவது போலவே, பலர் கூடி இப்படத்தை எழுதுகின்றனர். இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இதில் கணக்குத் தொடங்கியுள்ளனர்.

செல்பேசியில் நாம் காணும் வேறு சில நிலப்படங்களும் இலவசமாகவே கிடைக்கின்றனவே, இதில் என்ன வேறுபாடு என்று நீங்கள் வினவலாம். அவற்றை நாம் பார்க்கலாம். ஆனால், படத்தின் அடியிலுள்ள தரவு அந்தந்த நிறுவனத்திற்கே உரியது. திறந்த நிலப்படத்தின் தரவையோ எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. தரவைத் தந்தவர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும்; நாம் மேம்படுத்திய தரவை வெளியிடும்போது அதனையும் அவ்வாறே திறந்து வைக்க வேண்டும்.

இதில் எழுதும் முறை எளியது. ஒரு மரத்தையோ கிணற்றையோ குறிக்க ஒரு புள்ளி போதும். புள்ளிகளை இணைத்தால் தெருவும் ஓடையும் கோடுகளாகும். கோட்டின் இரு முனைகளையும் சேர்த்து மூடினால் அது கட்டடமோ குளமோ ஆகும். ஒவ்வொன்றுக்கும் அது இன்னது என்று கூறும் குறிச்சொற்களை இணைக்க வேண்டும். பெயர், வகை, தரையின் தன்மை ஆகிய அனைத்தும் குறிச்சொற்களே. கணினியின் உலாவியிலேயே இவற்றைச் செய்யலாம். செல்பேசியில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்னும் செயலி உண்டு. நாம் நிற்கும் இடத்தைப் பற்றி அது சிறு வினாக்களை எழுப்பும். நாம் கண்டதைக் கண்டவாறு விடையளித்தால் போதும். புதிதாகத் தொடங்குவோர்க்கு அது நல்ல படிக்கட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோரின் ஒப்புதலுடன், அம்மாணவியின் தெருவுக்கு நாங்கள் சென்றோம். முதலில் எழுந்தது பெயர்ச்சிக்கல். அங்குப் பெயர்ப்பலகை இல்லை. குடியிருப்போர் ‘பீப்பல் வாலீ கலீ’ என்றனர். அரசமரத்துச் சந்து என்பது அதன் பொருள். பால்காரர் வேறொரு பெயரைச் சொன்னார். களத்தில் வாழும் மக்கள் வழங்கும் பெயரே முதன்மையானது என்பது இச்சமூகத்தின் கொள்கை. ஆகவே, குடியிருப்போர் கூறியதைப் பெயராகவும், பால்காரர் கூறியதை மாற்றுப் பெயராகவும் பதிந்தோம்.

ஒரே இடத்தின் பெயரைப் பல மொழிகளில் தனித்தனியே பதியவும் இதில் வசதி உண்டு. தமிழில் எவ்வாறு எழுதுவது என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ‘அரசமரத்துச் சந்து’ என்பதே அழகு என்றனர் சிலர். ஆனால், ஊருக்குப் புதிதாக வரும் தமிழர் ஒருவர் அப்பெயரைச் சொல்லி வழி கேட்டால், இங்குள்ளோர்க்கு விளங்காது. எனவே, மொழிபெயர்ப்பை விடுத்து ஒலிபெயர்ப்பைத் தேர்ந்தோம். அதிலும் ஒரு நுட்பம் இருந்தது. ‘கலி’ என்று குறிலில் முடித்தால் தமிழில் துன்பம் என்னும் பொருள் தோன்றும். இந்தியில் அச்சொல் நெடிலில் முடிவதால் ‘கலீ’ என்பதே ஒலிக்கும் பொருந்தியது. ‘பீபல்’ என்று எழுதினால் நடுவிலுள்ள பகரம் மென்மையாக ஒலித்துவிடும். இரட்டித்துப் ‘பீப்பல்’ என்றோம். பிறமொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தின் இயல்புக்கேற்ப அமைத்துக்கொள்ளத் தொல்காப்பியமே வழிகாட்டியுள்ளது. இலக்கண வகுப்பில் கற்றது ஒரு தெருமுனையில் பயன்படுவதை மாணவர்கள் அன்று கண்டனர்.

நாங்கள் வரைந்ததைப் பதிவேற்றிய இரண்டாம் நாள், முன்பின் அறியாத ஒருவர் அதன்கீழ் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். புதியவர்களை வரவேற்றுவிட்டு, “இத்தெரு முழுவதும் வண்டி செல்லுமா?” என்று கனிவுடன் கேட்டிருந்தார். மாணவர்கள் அளவுநாடாவுடன் மீண்டும் சென்றனர். அரசமரம் வரை வண்டி செல்லும். அதன் பின் சந்து குறுகிப் படிக்கட்டாக ஆற்றை நோக்கி இறங்குகிறது. ஆகவே, மரம் வரையிலான பகுதியை வண்டிப்பாதையாகவும், எஞ்சியதை நடைபாதையாகவும் படிகளாகவும் பிரித்துக் குறித்தோம்.

இத்திருத்தம் சிறியது, ஆனால், இதன் பயன் பெரிது. சந்து முழுவதும் வண்டி செல்லும் என்று படம் காட்டினால், அடுத்த முறை ஆம்புலன்ஸ் இடுக்கில் சிக்கி நிற்கும். மரம் வரைதான் செல்லும் என்று காட்டினால், தூக்குக்கட்டிலை எங்கிருந்து எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை ஓட்டுநர் முன்னரே அறிவார். இல்லாத தெருவைச் சேர்ப்பது எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை அத்தெருவின் வரம்பைச் சொல்வதும். நிலப்படத்தில் நாம் இடும் ஒவ்வொரு கோடும் முன்பின் அறியாத ஒருவருக்கு நாம் அளிக்கும் வாக்கு. அந்த ஒரு வினாவை எழுப்பியவர் ஊதியம் பெறும் அலுவலர் அல்லர். நம்மைப் போன்ற தன்னார்வலர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் பணிவுடன் சரிபார்ப்பதே இச்சமூகத்தின் வலிமை.

எழுதும் உரிமை எல்லார்க்கும் இருப்பதால் கடமைகளும் உண்டு. பிற நிறுவனங்களின் நிலப்படங்களைப் பார்த்துப் படியெடுத்தல் கூடாது. நேரில் கண்டதையும், பயன்படுத்த இசைவுள்ள வான்படங்களில் தெரிவதையுமே எழுத வேண்டும். வீட்டைக் குறிக்கலாம், அதில் வாழ்பவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்தல் கூடாது. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, நிலப்படத் தரவுகளை உருவாக்க இந்தியர்க்கு முன் இசைவு தேவையில்லை. எனினும் நாட்டின் பாதுகாப்பு சார்ந்த செய்திகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அவற்றைத் தொடாமல் விடுவதே நம் பொறுப்பு.

இவ்வாறு திரண்ட தரவை ஆராயவும் திறந்தமூல மென்பொருள் உண்டு. கேரி ஷெர்மன் என்பவர் 2002இல் தொடங்கிய கியூஜிஐஎஸ் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. திறந்தமூலம் என்றால், நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று பொருள். இம்மென்பொருளில் ஆறு ஓர் அடுக்கு, தெரு ஓர் அடுக்கு, வீடு ஓர் அடுக்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். ஆற்றின் இருகரையிலும் 50 மீட்டர் அகலத்திற்கு ஒரு பட்டையை வரையச் செய்தால், வெள்ளம் வந்தால் முதலில் எச்சரிக்க வேண்டிய வீடுகள் எவை என்பது தெரியவரும். நாங்கள் அவ்வாறு வரைந்து பார்த்தபோது அச்சந்து முழுவதும் பட்டைக்குள் அடங்கியது. மாணவர்கள் சற்று நேரம் பேசாமல் திரையையே நோக்கினர். பிறகு, அங்கிருந்து மேட்டுக்குச் செல்லும் நெருங்கிய வழி எது என்று தாங்களே தேடத் தொடங்கினர்.

பேரிடர்க் காலங்களில் இப்பணியின் அருமை உலகுக்குப் புலப்பட்டது. 2010 ஜனவரி 12 அன்று எய்தி நாட்டில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. தலைநகர் போர்ட்டோபிரின்சுக்கு விரிவான திறந்த நிலப்படம் அப்போது இல்லை. பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் வான்படங்களைப் பார்த்துத் தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் வரைந்து தந்தனர். மீட்புக் குழுவினர் அப்படத்தைக் கையில் கொண்டு உழைத்தனர். 2015இல் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோதும், நீரில் மூழ்கிய தெருக்களை மக்களே குறித்துக் காட்ட இத்திறந்த நிலப்படம் அடித்தளமாக உதவியது.

மாணவர்களே, உங்களில் பலர் பெற்றோரின் பணி காரணமாக ஊர்விட்டு ஊர் மாறி வாழ்பவர்கள். எந்த ஊரும் நம் ஊர் இல்லை என்னும் ஏக்கம் உங்களுக்கு எழக்கூடும், எனக்கும் எழுந்ததுண்டு. ஓர் ஊரின் சந்துகளை நடந்து அறிந்து, அங்குள்ளோரிடம் பெயர் கேட்டு, கேட்டதைப் பிழையின்றி எழுதிப் பாருங்கள். அவ்வூர் மெல்ல உங்களுக்கும் உரியதாகும். தொடங்குவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரையிலான வழியில் நிலப்படத்தில் இல்லாத ஒன்றைக் கண்டறியுங்கள். அது ஒரு குடிநீர்க் குழாயாக இருக்கலாம். சக்கர நாற்காலி ஏற இயலாத ஒரு படியாகவும் இருக்கலாம். அதனைத் தேவைப்படுபவர் ஒருவர் எங்கோ இருக்கிறார்.

சிந்தித்து விடை எழுதுக

1. சந்தின் ஒரு பகுதியை நடைபாதை எனப் பிரித்துக் குறித்ததால் விளையும் நன்மை யாது?
2. தெருப்பெயரை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்ததற்கான காரணத்தை விளக்குக.
3. நீங்கள் வாழும் ஊரின் ஐந்து இடப்பெயர்களைக் கேட்டறிந்து, ஒலி சிதையாமல் தமிழில் எழுதுக.
4. உங்கள் தெருவைப் படமாக வரைந்து, அவசர ஊர்தி எதுவரை வர இயலும் என்பதைக் குறித்துக் காட்டுக.