பெயர்ப்பலகை இல்லாத சமையல்

தமிழ்நாட்டின் சாலைகளில் பயணம் செய்வோர் ஒன்றை எளிதில் கண்டுகொள்ளலாம். செட்டிநாட்டுச் சமையலுக்குப் பெயர்ப்பலகை உண்டு. கொங்குநாட்டுச் சமையலுக்கு உண்டு. திண்டுக்கல் பிரியாணிக்கும் திருநெல்வேலி அல்வாவுக்கும் உண்டு. ஆனால் 'பெரம்பலூர்ச் சமையல்' என்றோ 'அரியலூர்ச் சமையல்' என்றோ எழுதிய பலகை ஒன்றை நான் இதுவரை எங்கும் கண்டதில்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியாகத்தான் செல்கிறது. ஆயினும் அதில் செல்வோர் இங்கு இறங்கித் தேநீர் அருந்துகின்றனர், உணவைத் தேடுவதில்லை. "உங்கள் பக்கத்துப் பலகாரம் என்ன?" என்று வெளியூரார் கேட்டால், நம்மவர் பலரும் சற்றே கூசி, "வறண்ட பூமி ஐயா, எங்களிடம் என்ன இருக்கிறது?" என்று சொல்லிவிடுகின்றனர்.

அந்தப் பதில் உண்மையன்று என்பதை நான் வளர்ந்த வீடே எனக்குக் கற்பித்தது. என் தந்தை பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரர். என் தாய் கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூர்ப் பக்கத்தில் பிறந்தவர். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஐம்பது மைல் தொலைவுகூட இல்லை. ஆனால் அப்பாயியின் அடுப்பிலும் அம்மாயியின் அடுப்பிலும் கொதித்தவை இரு வேறு நாடுகளின் உணவுகள் போலவே இருந்தன. அரசு வரைந்த எல்லைகள் பலமுறை மாறின. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007இல் மறுபடியும் தனித்து நின்றது. அடுப்படிகளின் எல்லையோ மண்ணும் நீரும் வகுத்தது. அதை எந்த அரசாணையும் மாற்றவில்லை.

அப்பாயியின் நிலம் வானத்தை நம்பியது. ஐப்பசி மழை பெய்தால் பயிர், இல்லையேல் தரிசு. அங்கே விளைந்தவை வரகு, சோளம், கம்பு, துவரை, கொள்ளு, பருத்தி. கிணறு இருந்த இடத்தில் சின்ன வெங்காயம். காலையில் கம்பங்கூழ், கடித்துக்கொள்ள உரித்த வெங்காயம். உச்சிவேளையில் வரகரிசிச் சோறு. அதன் மேல் மொச்சைக்கொட்டையும் கத்தரிக்காயும் இட்ட புளிக்குழம்பு. களை எடுக்கச் சென்ற பெண்கள் மாலையில் மடி நிறையக் கொண்டுவரும் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் ஒரே சட்டியில் வெந்து, மத்தால் கடையப்பட்டு, இரவுக் களிக்குத் துணையாகும். விதைக்காமல் கிடைத்த அந்தக் கீரையை அப்பாயி 'சாமி கொடுத்தது' என்பார். வெங்காயம் மலிவாகக் கிடைக்கும் நாளில் ஒரு பகுதி காற்றோட்டமான பட்டறைக்குப் போகும். ஒரு பகுதி வடகத்துக்கு வரும். உரலில் ஒன்றிரண்டாக இடித்த வெங்காயத்தோடு பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, பங்குனி வெயிலில் நாள்தோறும் காயவைத்து, மாலையில் மீண்டும் உருட்டி வைப்பார்கள். காய்கறியே இல்லாத நாளில் அந்த உருண்டையில் ஒரு சிட்டிகை எண்ணெயில் பொரிந்தால் தெருவே மணக்கும்.

அம்மாயியின் அடுப்படியில் வரகுக்கு இடமில்லை. அது நெல் விளையும் ஊர். அங்கே வாழை மரம் ஒன்றே நான்கு வகைக் கறியாகும்: காய், பூ, தண்டு, இலையில் வைத்து அவித்த மீன். கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்ததும் குட்டைகளில் தங்கிய கெண்டையும் கெளுத்தியும் விராலும் மண்சட்டிக் குழம்பாகும். அக்குழம்பை அன்றே தீர்ப்பது அம்மாயிக்குப் பிடிக்காது. ஓர் இரவு ஊறி, மறுநாள் பழைய சோற்றோடு சேரும்போதுதான் அது குழம்பு என்பார். நெஞ்சில் சளி கட்டினால் வயல் நண்டை இடித்து மிளகு ரசம் வைப்பார். அதைக் குடித்துவிட்டு வியர்க்க வியர்க்கப் படுத்துறங்குவோம்.

இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது அடுப்படி ஒன்றும் எங்களுக்கு வாய்த்தது. என் அத்தை ஆண்டிமடம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அது செம்மண் பூமி. முந்திரியும் பலாவும் ஓங்கிய மண். கடைகளில் அளந்து விற்கும் முந்திரிப்பருப்பைப் பாயசத்தில் ஒன்றிரண்டாகக் கண்டவர்கள், அத்தை வீட்டில் அது ஒரு சட்டி நிறையக் குழம்பாகக் கொதிப்பதைக் கண்டு வியப்பார்கள். பிஞ்சுக் கொட்டையை இரண்டாக நறுக்கிப் பருப்பை எடுத்து, வெந்நீரில் இட்டுத் தோலுரித்து, கத்தரிக்காயோடு சேர்த்துச் சமைப்பார்கள். தவக்காலமும் முந்திரிப் பிஞ்சின் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருவதால், புலால் விலக்கும் வெள்ளிக்கிழமைகளில் அந்தக் குழம்பு அத்தையின் வீட்டில் தவறாது இடம்பெறும். "இது ஒறுத்தலா, விருந்தா?" என்று மாமா கேலி செய்வார். மேற்கே பச்சைமலையில் சாமையும் தினையும் மரவள்ளியும் கொண்ட அடுப்படி வேறு. ஆக, ஒரு மாவட்டப் பேருந்தின் பயணத் தொலைவுக்குள் நான்கு நிலங்கள், நான்கு உணவுகள்.

இவை ஏழைகளின் எளிய உணவு, இதில் என்ன கலை இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். அவருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: நம் மண் தந்த பொருள்களில் பல, அறியாதவன் கையில் நஞ்சாகக்கூடியவை. முந்திரிக்கொட்டையின் ஓட்டில் ஊறும் பால் பட்ட இடம் வெந்துபோகும்; அதனால்தான் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டனர். மரவள்ளிக் கிழங்கில் இயல்பாகவே நச்சுத்தன்மை உண்டு. வேகவைத்த நீரை வடித்துக் கொட்டுவது அதனால்தான். வரகின் கதை இன்னும் நுட்பமானது. முற்றும் தருவாயில் மழையில் நனைந்த வரகில் ஒருவகைப் பூசணம் படர்ந்தால், அதை உண்டவருக்கு மயக்கமும் நடுக்கமும் வரும். புதிதாக அறுத்த வரகை அப்பாயி உடனே உலையில் போடமாட்டார். மழையில் நனைந்த கதிரைத் தனியே ஒதுக்குவார். காரணம் கேட்டால், "புது வரகு ஆளைச் சாய்க்கும்" என்பதே பதில். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் வரகுப் பயிரை மேய்ந்த 10 யானைகள் மாண்டன என்ற செய்தியைப் படித்தபோது, எழுத்தறியாத அப்பாயியின் அந்த ஒற்றை வாக்கியம் என் நினைவுக்கு வந்தது. ஆய்வுக்கூடம் கண்டு சொன்னதை அவருடைய அடுப்படி தலைமுறைகளாகக் காத்து வைத்திருந்தது.

நாம் கூச்சப்படுவது போலவே கூச்சப்பட்ட இன்னொரு நாடும் உண்டு. நம்மை ஆண்ட பிரித்தானியரின் நாடுதான் அது. 'ஆங்கிலேயருக்குச் சமைக்கத் தெரியாது' என்பது ஐரோப்பாவெங்கும் வழங்கிய கேலி. ஆனால் அங்கும் வட்டாரத்துக்கு வட்டாரம் வீட்டுச் சமையல் வேறுபட்டது. கார்ன்வால் சுரங்கத் தொழிலாளி இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்த மாவுப் பொட்டலத்தைப் பணியிடத்துக்கு எடுத்துச் சென்றான். வேல்ஸ் கடற்கரையில் கடற்பாசியை வேகவைத்து உண்டனர். ஸ்காட்லாந்தின் குளிர்நிலம் ஓட்ஸ் கஞ்சியால் வாழ்ந்தது. யார்க்ஷயர் வீடுகளில் மாவும் முட்டையும் பாலும் கலந்து சுட்ட பண்டத்தை இறைச்சிக்கு முன்பாகப் பரிமாறினர். முதலில் வயிறு நிறைந்தால் விலையுயர்ந்த இறைச்சி சிறிதே போதும் அல்லவா! களியால் வயிற்றை நிறைத்துக் குழம்பைத் தொட்டுக்கொண்ட நம் அப்பாயிமார்க்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கியிருக்கும்.

அந்தச் சமையலும் மறையத் தொடங்கிய காலத்தில், புளோரன்ஸ் ஒயிட் என்னும் பெண்மணி 1928இல் ஆங்கில நாட்டார் சமையலுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். வீடுகளில் வழிவழியாக வந்த செய்முறைகளை நாடெங்குமிருந்து திரட்டி, 1932இல் நூலாக வெளியிட்டார். அடுத்து வந்த போர்க்காலத்திலும் அதன் பின்னரும், 1940 முதல் 1954 வரை, உணவுப் பங்கீடு அந்நாட்டு அடுப்படிகளைச் சுருக்கியது. ஆனால் எழுதி வைக்கப்பட்டது அழியவில்லை. கார்ன்வாலின் அந்தப் பொட்டலம் 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் காப்பும் பெற்றது. எளியவர் உணவுக்குப் பெயர்ப்பலகை கிடைத்தது, யாரோ சிலர் அதை எழுதத் தகுந்தது என்று கருதியதால்தான்.

நம் நிலைமை என்ன? பழமையைப் புகழும்போது பசியை மறந்துவிடலாகாது. வரகின் மேலுறை பல அடுக்குகள் கொண்டது. அதை மண் திருகையில் திரித்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து அரிசியாக்க ஒரு பெண்ணின் அரைநாள் உழைப்பு வேண்டும். வயலில் கூலி வேலையும் செய்துவிட்டு வந்து அதைச் செய்தவர்களின் தோள்வலியை யாரும் பாடவில்லை. தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடை அரிசி 2006இல் கிலோ 2 ரூபாய்க்கும், 2008இல் 1 ரூபாய்க்கும், 2011இல் விலையின்றியும் வழங்கப்பட்டபோது, அந்த உரல்கள் ஓய்ந்தன. பல வீடுகளில் பசியும் ஓய்ந்தது. அதற்காக நன்றி சொல்வதே முறை. ஆனால் உரலோடு சேர்ந்து அறிவும் ஓய்ந்துபோனது. இன்று பெரம்பலூர்க் காடுகளில் எங்கு நோக்கினும் மக்காச்சோளம். அது பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குச் செல்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின்னர், அப்பாயியின் வரகு பளபளக்கும் பொட்டலத்தில், அரிசியைவிடக் கூடுதல் விலையில் நகரத்துக் கடைகளில் அமர்ந்திருக்கிறது. தானியம் திரும்பி வந்துவிட்டது. அதைப் பக்குவம் செய்யத் தெரிந்த கைகள் பொட்டலத்துக்குள் வருவதில்லை.

விருந்தினர் வந்தால் வரகுச் சோற்றை மறைத்து நெல்லுச்சோறு ஆக்கிய வீடுகள் நம் ஊர்களில் பல. எளிய தானியம் என்றால் இழிவு என்னும் எண்ணம் அத்துணை ஆழமானது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்வை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதுகின்றனர். அவை வாற்கோதுமை அப்பங்கள் என்று சொல்பவர் யோவான் ஒருவரே. வாற்கோதுமை அந்நாட்டு ஏழைகளின் தானியம். ஆண்டவர் கையில் ஏந்தி நன்றி செலுத்தியது அதற்காகத்தான். எஞ்சிய துண்டுகளையும் வீணாக்காமல் சேர்த்து வைக்கச் சொன்னார் என்பதையும் யோவானே குறிப்பிடுகிறார்.

சேர்த்து வைப்பது எப்படி? என் தங்கை ஒரு வழி கண்டாள். எங்கள் தாய்க்கு எண்பது வயது கடந்த பிறகு, ஒரு பங்குனி மாதம் முழுவதும் அவள் ஊரில் வந்து தங்கினாள். அம்மாவுக்கு அளவு என்பது கைப்பிடிதான், "எவ்வளவு உளுந்து?" என்றால், "பார்த்துப் போடு" என்பார். அதனால் அம்மா ஒவ்வொரு முறை கைப்பிடி அள்ளும்போதும் தங்கை அதை ஒரு தம்ளரில் வாங்கி, அளந்து எழுதிக்கொண்டு, பிறகே சட்டியில் இட விட்டாள். அம்மாவுக்கு முதலில் எரிச்சல், பிறகு சிரிப்பு, கடைசியில், "இதை விட்டுவிட்டாயே" என்று தாமே அழைத்து எழுதச் செய்யும் ஆர்வம். பள்ளிப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு ஒன்று நிறைந்தது. அப்பாயியிடம் அம்மா மருமகளாகக் கற்ற வடகமும், தம் தாயிடம் கற்ற மீன்குழம்பும், அத்தை வீட்டு முந்திரிக் குழம்பும் அதில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அம்மா இறைவனடி சேர்ந்தார்.

அந்த நோட்டில் எல்லாம் இருப்பதாகச் சொல்லமாட்டேன். 'வாசனை மாறும்போது இறக்கவும்' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறது. எந்த வாசனை, எதுவாக மாறும்போது என்பதை எந்தத் தம்ளராலும் அளக்க முடியவில்லை. முதல் ஆண்டு தங்கை செய்த வடகம் சற்றே கசந்தது. இரண்டாம் ஆண்டு தேறியது. ஆனால் அந்த நோட்டு இல்லாவிட்டால் முதல் ஆண்டுக் கசப்புக்கூட எங்களுக்குக் கிடைத்திருக்காது.

நம் மண்ணுக்குச் சேர்த்து வைக்கும் மரபு புதிதன்று. ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் திருத்தலத்தை உருவாக்கி, அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அழைத்த வீரமாமுனிவர், இத்தாலியிலிருந்து வந்து தமிழ்ச் சொற்களைத் திரட்டி 1732இல் சதுரகராதியை ஆக்கினார். கடல் கடந்து வந்த ஒருவர் நம் சொற்களை இவ்வளவு பெரிதாகக் கருதினார் என்றால், நம் அன்னையரின் கைப்பக்குவத்தை நாம் எவ்வளவு பெரிதாகக் கருத வேண்டும்! இதற்குச் சங்கமும் வேண்டாம், நூல்நிலையமும் வேண்டாம். இவ்வாண்டுத் தவக்காலத்திலேயே தொடங்கலாம். கல்லூரியில் பயிலும் பேரனும் பேத்தியும் ஒரு நோட்டும் ஒரு தம்ளரும் எடுத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவரின் அருகில் அமரட்டும். முதல் பக்கத்தில் உணவின் பெயர். அதன் கீழே, அதைச் சமைத்தவரின் பெயரும் அவர் பிறந்த ஊரும். பிறகு, "அப்பாயி, எவ்வளவு உளுந்து?" என்று கேட்கட்டும். "பார்த்துப் போடு" என்பதுதான் முதலில் வரும் பதிலாக இருக்கும். எழுந்துவிடாமல் மறுபடியும் கேட்கட்டும்.