எண்ணெயும் தண்ணீரும்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டுவதில்லை என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வரும் சொல். மனம் ஒவ்வாத இருவரைப் பற்றிப் பேசும்போது இதனை எடுத்தாள்வோம். கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கும் நானும் வகுப்பில் இதனைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குள் இவை இரண்டும் கூடிவிட்டால், பிரித்தெடுப்பது எத்துணைப் பாடு என்பதை 2023ஆம் ஆண்டிலேதான் கண்ணாரக் கண்டேன்.

எங்களுடையது முப்பது வயதை நெருங்கிய யப்பானியக் கார். அதனை விற்று வேறொன்று வாங்கலாமே என்று அன்பர்கள் கேட்கக்கூடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலை எங்கோ ஏறிவிட்டது. எனக்கோ அந்த வண்டி ஆடம்பரமன்று. சிறுநீரகம் பழுதுற்ற என் தாயாரை, கல்கிசையிலிருந்து களுபோவில வைத்தியசாலைக்கு வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்ல அதுவே துணை. சிகிச்சை முடிந்து களைத்து வருபவரை முச்சக்கர வண்டியில் குலுக்கிக்கொண்டு வர மனம் ஒப்புவதில்லை.

ஒருநாள் காலை, எஞ்சின் ஆறியிருந்த வேளையில், ரேடியேற்றரின் மூடியைத் திறந்தேன். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில், பால் விட்ட கோப்பியின் நிறத்தில் ஒரு கூழ் திரண்டிருந்தது.

எஞ்சினின் தலைப்பாகத்துக்கும் உடற்பாகத்துக்கும் இடையே காஸ்கற் என்னும் மெல்லிய தகடு உண்டு. எண்ணெய் ஓடும் வழியையும் நீர் ஓடும் வழியையும் பிரித்துவைக்கும் வேலி அது. ஓடும் எஞ்சினில் எண்ணெயின் அமுக்கம் நீரின் அமுக்கத்தைவிடப் பெரும்பாலும் இரண்டு, மூன்று மடங்கு. ஆகவே வேலி பழுதானால் எண்ணெய்தான் முதலில் அயல்வீட்டுக்குள் புகும். அங்கே நீர்ப்பம்பி இரண்டையும் அடித்துக் கடைந்து பால்மமாக்கிவிடுகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் எண்ணெய் தண்ணீரின் கால்பங்குக்கும் ஈடாகாது. உட்சுவரில் எண்ணெய் படிந்தால் எஞ்சின் கொதித்து, ஈற்றில் இறுகிப்போகும்.

ஒரு பணிமனையில் எஞ்சினையே மாற்றவேண்டும் என்றனர். அவர்கள் சொன்ன தொகை என் பல மாதச் சம்பளம். வேறோர் அன்பர், மண்ணெண்ணெயை ஊற்றிக் கழுவினால் போதும் என்றார். மண்ணெண்ணெய் இறப்பர்க் குழாய்களை ஊதவைக்கும்; சூடான எஞ்சினருகே தீயையும் அழைக்கும். கடைசியில் இரத்மலானைப் பக்கத்தில் சிறு கராஜ் வைத்திருக்கும் வயோதிப பாஸ் ஒருவரிடம் சென்றேன். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "முதலில் ஓட்டையை அடைக்க வேணும் மாஸ்டர். அடைக்காமல் கழுவினால் கடலைக் கழுவின மாதிரித்தான்" என்றார்.

தலைப்பாகம் கழற்றப்பட்டது, வளைந்திருந்த அதன் முகம் கடைசற் பட்டறையில் சமன் செய்யப்பட்டது. பஞ்சிகாவத்தையில் தேடிப் புதிய காஸ்கற் வாங்கினேன். எஞ்சின் எண்ணெயும் வடியும் மாற்றப்பட்டன. அதன் பின்னரே கழுவல் தொடங்கிற்று.

ஏறக்குறைய 82 பாகை வெப்பத்தில் திறந்து நீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாற்றை பாஸ் முதலில் அகற்றினார். அது மூடியிருந்தால் நீர் எல்லா மூலைக்கும் செல்லாது. பின்னர் கீழ்க்குழாயைக் கழற்றி, கூழ் வடியும்வரை நல்ல நீரைப் பாய்ச்சினார். அதன்மேல், சலவை யந்திரத்துக்கான நுரை குறைந்த தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றி, எஞ்சினைக் கால்மணி நேரம் ஓடவிட்டார். சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை எண்ணெயைப் பற்றும். இரண்டையும் கைகோத்து வெளியே அழைத்துவருவது அதுவே. நுரை மிகுந்தால் பம்பி நீருக்குப் பதில் காற்றைத் தள்ளும். ஆதலால் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் இதற்கு உதவாது.

ஆறவிட்டு வடிப்பதும் மீண்டும் நிரப்புவதுமாக இரு நாட்கள் கழிந்தன. ஒவ்வொரு முறையும் வடிந்த நீரில் ஒரு போத்தல் பிடித்து மதிலின்மேல் வரிசையாக வைத்தோம். ஆறாவது போத்தல் தெளிவாயிருந்தது. மறுநாள் அம்மாவுக்குச் சிகிச்சை நாள். வண்டியைக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "இரவு இருக்கட்டும். காலையில் போத்தலைப் பார்த்துச் சொல்லுகிறேன்" என்றார் பாஸ். வாடகைக் காரில் அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். ஆறாவது போத்தலின் கழுத்தில் மெல்லிய எண்ணெய் வளையம் மிதந்தது. இன்னும் ஒருமுறை கழுவினோம். ஏழாவதில் வளையம் இல்லை. சவர்க்காரம் எஞ்சாதிருக்க வெறும் நீரால் மூன்று தடவை அலசி, எண்ணெய் பட்டு ஊதிய குழாய்களை மாற்றி, புதிய தெர்மோஸ்டாற்றைப் பூட்டி, வடித்த நீரும் கூலன்ற் திரவமும் சரிபாதியாக நிரப்பினோம்.

கழுவிய நீரை வீதியோரக் கானில் ஊற்றப் போனான் உதவிப் பையன். பாஸ் தடுத்துவிட்டார். அந்தக் கான் செல்வது கடலுக்கு. அந்தக் கடலில்தான் கல்கிசை மீனவர் வலை வீசுகின்றனர். கூலன்ற் திரவமோ இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. நாய்கள் நக்கினால் இறந்துபோகும். யாவற்றையும் கழிவெண்ணெய்ப் பீப்பாயில் சேர்த்து மூடிவைத்தார். கூலி வாங்குகையிலும், கேட்டதற்கு மேல் நான் நீட்டியதைத் திருப்பித் தந்துவிட்டார்.

அடுத்த சிகிச்சை நாளில் வண்டி காலி வீதியில் சத்தமின்றி ஓடிற்று. பின்னிருக்கையில் சாய்ந்திருந்த அம்மா, நான் சொன்ன கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கும் உன்ரை காருக்கும் ஒரே வைத்தியந்தான், தம்பி" என்று சிரித்தார். சிறிது பொறுத்து, "அதுக்கு ஓட்டையை அடைச்சாச்சு, எனக்குக் கழுவல் மட்டுந்தான்" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை.

அந்த ஏழு போத்தல்களும் இன்று எங்கள் ஆய்வுகூட அலுமாரியில் இருக்கின்றன. பால்மத்தைப் பற்றிப் பாடம் வரும்போது அவற்றை மேசையில் அடுக்கி, எது சுத்தம் என்று மாணவரைக் கேட்பேன். அநேகர் ஆறாவதையே சுட்டிக்காட்டுவர். கிட்ட வந்து கழுத்தைப் பார்க்கச் சொல்வேன்.