வயலில் கிடை, வானமே கூரை

நன்னிலம் பக்கம் வெட்டவெளியில் தங்குகிறவர்கள் உல்லாசப் பயணிகள் அல்ல, ஆடு மேய்க்கும் கீதாரிகள். உளுந்தும் பயறும் பறித்து முடிந்த பங்குனியில், ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு காவிரி டெல்டாவுக்குள் இறங்குவார்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், தண்ணீர் முடிகொண்டான் ஆற்றைத் தொடுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும். அதுவரை அறுத்துப்போட்ட வயல்தான் வீடு.

பகலில் மேய்ந்த ஆட்டை இரவில் ஒரு வயலில் அடைப்பது கிடை. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குப் போகும்; வயல்காரர் கூலி கொடுப்பார், முன்பு நெல்லாக, இப்போது பணமாக. ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்பது இங்கே வெறும் வாய்ப்பேச்சு அல்ல. ஒரே இடத்தில் எரு குவியக்கூடாது என்பதால் கிடையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். புது இடம் என்றால் அதன் வரப்பையும் எலி வளையையும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். காட்டில் கூடாரம் அடிப்பவருக்குக்கூட இவ்வளவு வேலை கிடையாது.

இடம் பார்ப்பது வெளிச்சம் இருக்கும்போதே. கோடை வெயிலில் டெல்டாக் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்பில் முழங்கைவரை உள்ளே போகும். வரப்பு நெடுக எலி வளை. சிந்திய நெல்லுக்கு எலி, எலிக்குப் பாம்பு. அதனால் வரப்பில் தலைவைத்துப் படுப்பதில்லை. வைக்கோல் போர், மூங்கில் குத்து இரண்டையும் விட்டு விலகிப் பாய் விரிப்பார்கள். குட்டிகளைக் கவிழ்த்து மூடும் கூடாப்பைக் காலையில் தூக்கும்போது விரலை அடியில் விடாமல் கோலால் நெம்புவது பழகிய கைகளின் அடையாளம்.

நல்ல பாம்பு சீறும். கண்ணாடி விரியன் குக்கர் விசில் மாதிரி சத்தம் போடும். கட்டுவிரியன்தான் மோசம். ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்தவர் பாய்க்குள் புகும், கடித்தாலும் பெரும்பாலும் வலி தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தானாகச் சரிவது, பேச்சுக் குழறுவது என்றுதான் வெளியே வரும். கயிற்றுக் கட்டில் இருந்தால் நல்லது. அதைச் சுமந்து திரிய முடியாதவர்கள் கொசுவலையின் நான்கு ஓரத்தையும் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் கொசுவோடு விரியனும் தடைபடும். கடிபட்டபின் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் கெடுதல். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, நச்சுமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துக் கொடுப்பதில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மந்திரிப்பவரிடம் போய்க் கழியும் அரைமணி நேரத்துக்கு மருத்துவமனையில் விலை அதிகம்.

சித்திரையில் கோடை மழை இடியோடு வரும். மொட்டை வயலில் ஒற்றைப் பனையோ வேப்பமரமோ நின்றால் ஆடுகள் தானாக அதனடியில் ஒண்டும். ஆள் பின்னாலேயே போகக்கூடாது. இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் காரைக் கட்டடம் இருந்தால் உள்ளே போய், கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் இருப்பது முறை. தழை ஒடிக்கும் தொரட்டி அப்போது மட்டுமல்ல, எப்போதுமே ஆபத்துதான்: நீளக் கழி, நுனியில் இரும்பு, மேலே மின்கம்பி.

நன்னிலம், குடவாசல் பக்கம் கோடையில் பருத்தி போடுவார்கள். மருந்து அடித்த இலையைக் கடித்த ஆடு செத்துப்போகலாம். வேலி தாண்டி மேய்ந்தால் ஊர்ச் சண்டை வேறு. “இந்தக் கொல்லைக்கு என்னைக்கு மருந்து அடிச்சீங்க, ஐயா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்டைத் திருப்புவார்கள்.

மனிதரால் வரும் ஆபத்து பெரும்பாலும் திருட்டு. சின்ன லாரி வந்து நிற்கும் தூரத்தில் கிடை இருந்தால் நாலு கிடாயைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போக ஐந்து நிமிடம் போதும். சாலையை விட்டு நாலு வயல் உள்ளே போடுவது, எதிரெதிர் மூலையில் ஆள் படுப்பது, நாயை அவிழ்த்துவிடுவது ஆகிய மூன்றும்தான் காவல். அதற்கும் மேலான காவல் வயல்காரர். கிடை தன் நிலத்தில் இருக்கிறது என்று அவர் டீக்கடையில் சொன்னாலே பாதிப் பயம் தீரும்.

மந்தை நடக்கும் வழி என்று பார்த்தால், ஸ்பெயினில் நிலைமை வேறு. மாட்ரிட் நகரத் தெருக்களின் வழியாகவே 1994 முதல் ஆட்டு மந்தைகளை விழாவாக ஓட்டிப் போகிறார்கள். 1418-இல் நகரத்தோடு செய்த உடன்படிக்கையின் நினைவாக அடையாளச் சுங்கமும் செலுத்துகிறார்கள். மந்தைப் பாதைகளைக் காக்க 1995-இல் சட்டமே வந்துவிட்டது. இங்கே கீதாரிக்கு உரிமை என்று எழுதப்பட்ட பாதை இல்லை. மயிலாடுதுறை–திருவாரூர் சாலையின் ஓரமும், தண்டவாளத்தைக் கடக்கும் கேட்டும்தான் வழி. மந்தைக்கு முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள். இருட்டினால் பின்னால் வருபவர் கையில் டார்ச். அணை திறக்கும் தேதி தெரிந்ததும் வலையைச் சுருட்டி, இளங்குட்டிகளை வண்டியில் ஏற்றி, குறுவை நாற்றங்கால் உழவு தொடங்குவதற்குள் கிளம்பிவிடுவார்கள்.