முப்பத்தைந்து லிட்டர் இளஞ்சூடு

டிசம்பர் 18

ஊட்டியில் நீர்ப்பனி போய் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. விடியற்காலையில் கூடத்துக்குள்ளேயே 13 டிகிரி. பொங்கலுக்கு வரும்போது தங்கை மகன் கொளத்தூரிலிருந்து ஒரு ஃபைட்டர் மீன் கொண்டு வருகிறானாம். சென்னையில் அதற்குப் பெரும்பாலும் ஹீட்டரே தேவைப்படாது. தாய்லாந்து வயல் தண்ணீரில் பிறந்த இனம். 25, 26 டிகிரி இருந்தால்தான் செவுளை விரித்துச் சண்டைக்கு நிற்கும்.

டிசம்பர் 20

"லிட்டருக்கு ஒரு வாட் கணக்குக்கா. உங்க தொட்டிக்கு 50 தாராளம்" என்றார் கடைக்காரர். தொட்டி ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 35 லிட்டர் நிற்கும். அவர் சொல்வது, அறையைவிட ஐந்தாறு டிகிரி கூடினால் போதும் என்கிற ஊருக்குச் சரி. எனக்குப் பன்னிரண்டு கூட வேண்டும். 35 லிட்டரை ஒரே ஒரு டிகிரி ஏற்றவே 50 வாட்டுக்குச் சுமார் 50 நிமிடம் பிடிக்கும், அதுவும் சூடு துளியும் வெளியேறாமல் இருந்தால்.

"அப்ப 100 எடுத்துக்கங்க." அதற்கும் மனம் ஒப்பவில்லை. இந்த ஹீட்டருக்குள் இரட்டை உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. சூடேறினால் வளைந்து இணைப்பை விடும், ஆறினால் மறுபடி தொடும். ஒவ்வொரு முறையும் சின்னதாகப் பொறி பறக்கும். என்றைக்காவது அந்த முனைகள் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது. சின்னத் தொட்டியில் 100 வாட் அப்படி நின்றுவிட்டால் மீன் வெந்துவிடும்.

50 வாட்டில் இரண்டு வாங்கினேன். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் வேகவைக்கும் தெம்பு அதற்கில்லை. ஒன்று செத்தாலும் மற்றது விடியும்வரை தாங்கும்.

டிசம்பர் 22

மீன் வருமுன் வெறும் தண்ணீரிலேயே சோதனை. நேற்றிரவு ஒன்றை மட்டும் போட்டேன். அதன் விளக்கு விடிய விடிய எரிந்தது, காலையில் தண்ணீர் 22. கடைக்காரர் கணக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டது.

இன்று இரண்டாவது. பில்டர் தண்ணீரைத் தள்ளும் பக்கம் ஒன்றும் எதிர்ப்பக்கம் ஒன்றுமாக, சாய்வாக, அடிப்பாகத்தில். நீரோட்டம் இல்லாத மூலையில் வைத்தால் ஹீட்டர் தன்னைச் சுற்றியுள்ள நீரை மட்டும் சுடவைத்துவிட்டு அணைந்துவிடும். ஒயர் பிளக்கைவிடத் தாழ இறங்கி, பிறகு மேலேற வேண்டும். ஒயர் வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

டிசம்பர் 25

திருகில் 26 என்று வைத்தால் தண்ணீர் 24 காட்டுகிறது. இன்னொன்றோ 25-இல் வைத்தால் 26-க்குப் போகிறது. திருகிலுள்ள எண்ணை நம்புவதைவிட, எதிர்மூலையில் கண்ணாடித் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு அதை நம்பலாம். வெளியே ஒட்டும் பட்டை இந்த ஊருக்கு ஆகாது. பாதி அறையின் குளிரைச் சொல்லும். கொஞ்சம் திருகு, ஒரு நாள் முழுக்கக் காத்திரு, பிறகு பார். அரை மணிக்கொருமுறை திருகுகிறவருக்கு எந்த ஹீட்டரும் ஒத்துழைக்காது. முதல் ஹீட்டரை 25-இல் நிற்கவும், மற்றதை அதற்கு ஒரு டிகிரி குறைவாக நிற்கவும் பழக்கியாகிவிட்டது. நடுநிசியில்தான் இரண்டும் சேர்ந்து எரிகின்றன.

டிசம்பர் 30

தண்ணீர் மாற்றும் நாள். முதல் வேலை இரண்டு பிளக்கையும் பிடுங்குவது, பிறகு கால் மணி நேரம் சும்மா இருப்பது. சூடான கண்ணாடிக் குழாய் காற்றில் தலைகாட்டி, மேலே குளிர்நீர் பட்டால் விரிசல்தான். ஊற்றும் நீரையும் வெந்நீர் கலந்து 25-க்குக் கொண்டுவந்தேன். சட்டென்று சூடு இறங்கும் தொட்டியில்தான் வெண்புள்ளி நோய் சுலபமாகத் தலைதூக்கும்.

ஜனவரி 4

அப்பா கரண்ட் பில் கணக்கோடு வந்தார். இரண்டும் சேர்த்து நாளில் பாதி நேரம் எரிவதாக வைத்தால் 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 72. "அரசாங்கம் இலவசமாத் தர்ற 100 யூனிட்ல முக்கால்வாசியை இன்னும் வராத மீனே தின்னுடும் போலிருக்கே!" என்றார். நியாயமான கோபம். சூடு அதிகம் தப்புவது திறந்த மேற்பரப்பில், நீர் ஆவியாகும் வழியே. கண்ணாடி மூடி போட்டு, பின்பக்கத்துக்கும் இரண்டு பக்கவாட்டுக்கும் அடிக்கும் தெர்மோகோல் கொடுத்தேன். கரண்ட் போனாலும் சூடு சீக்கிரம் இறங்காது.

ஜனவரி 6

இரண்டாவது ஹீட்டரின் விளக்கு நேற்றிரவு அபூர்வமாகத்தான் எரிந்தது. தண்ணீர் 25. அப்பா முன்பக்கத்துக்கும் தெர்மோகோல் வைக்கலாமே என்கிறார். அப்புறம் மீனை எங்கிருந்து பார்ப்பதாம்?