கடன் மறுத்த கடை

சென்ற தவணை முடிவில், எம்மிடம் பத்தாந் தரத்திற் கற்ற மாணவன் ஒருவன் பாடசாலையை விட்டு விலகி நகரத்துப் புடவைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். வீட்டிலே தகப்பன் நோயாளி. பலசரக்குக் கடைக் கொப்பியிற் கடன் ஏறிக்கொண்டிருந்தது. அவனைத் திருப்பியழைக்க நாம் கடைக்குச் சென்றபோது, சீலைகளை மடித்தபடியே அவன் கேட்டான்: "சேர், ஸாராக் கடை முதலாளியும் என்ரை வயசிலை உடுப்புக் கடையிலை நின்றவர் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

உண்மைதான். முயற்சிக்கு உதாரணமாக அக்கதையை வகுப்பிலே சொன்னவர் நாமே.

அமன்சியோ ஒர்தேகா 1936 இல், உள்நாட்டுப் போர் மூண்ட ஆண்டில், ஸ்பெயினின் வடபகுதியில் ஓர் இரயில்வேத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பின்னர் குடும்பம் லா கொருன்யா என்னும் துறைமுக நகரிற் குடியேறியது. ஒருநாள் பலசரக்குக் கடையிலே, 'இனிக் கடன் இல்லை' எனத் தம் தாய்க்குக் கூறப்பட்டதைக் கேட்ட அவமானமே தம்மைப் பள்ளியை விடச் செய்தது என அவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்துள்ளார். சட்டைக் கடையொன்றிற் சிற்றாளாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது பதின்மூன்றோ பதினான்கோதான். 1963 இல் வீட்டு மேலங்கிகள் தைக்கும் தொழிலைத் தொடங்கினார். 1975 இல் முதலாவது 'ஸாரா' கடை திறக்கப்பட்டது. 2011 இல் அவர் நிறுவனத் தலைமையினின்றும் விலகினார். 2015 இற் சிறிது காலம் உலகின் முதற் செல்வந்தர் எனவும் கணிக்கப்பட்டார்.

நாம் வகுப்பிற் சொன்னது இவ்வளவே. சொல்லாது விட்டவை பல.

வாடிக்கையாளர் எதைக் கேட்கின்றனர் என்பதைக் கடைகளிலிருந்து உடனுக்குடன் அறிந்து, புதிய உடுப்பைச் சில வாரங்களுள் விற்பனைக்குக் கொணர்ந்ததே அவர் கண்ட முறை. அத்திறமையை மறுப்பது எம் நோக்கமன்று. ஆயின், அவ்வேகத்துக்குக் கை கொடுத்தவர் யாவர்? துணியை வெட்டும் வேலை நிறுவனத்தின் ஆலைகளில் நடந்தது. தையலோ கலீசியாவிலும் வட போர்த்துக்கலிலும் இருந்த சிறு தையற்கூடங்களுக்குச் சென்றது. அங்கு தைத்தவர் பெரும்பாலும் பெண்கள். 2011 இல், பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் இந்நிறுவனத்துக்காக உடை தைத்த கூடங்களிலே, பொலிவிய நாட்டுக் குடியேறிகள் அடிமைத்தனத்தை ஒத்த நிலையில் வேலை செய்ததைத் தொழிற் பரிசோதகர்கள் கண்டனர். வேலை தம் அனுமதியின்றியே கைமாறியது என்றது நிறுவனம். உழைப்பினால் மட்டும் ஒருவர் செல்வராதல் கூடுமெனில், அவர்களும் செல்வராயிருத்தல் வேண்டுமன்றோ?

இன்னொருவரையும் நாம் மறந்தோம். ஒர்தேகாவின் முதல் மனைவி ரொசாலியா மேரா பதினொரு வயதிற் பள்ளியை விட்டுத் தையல் வேலைக்குச் சென்றவர். அந்நிறுவனத்தை அவரோடு சேர்ந்து கட்டியெழுப்பியவர். தாமும் பெருஞ் செல்வரானவர். 2013 இல், தாம் இறப்பதற்குச் சில மாதங்களின் முன், கல்விக்கும் சுகாதாரத்துக்குமான அரச செலவைக் குறைப்பதை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். பள்ளியை இழந்தும் செல்வம் எய்திய அவர், பிறர் பிள்ளைகளும் அவ்வாறே உயரட்டும் என்று கூறவில்லை.

அடுத்த ஞாயிறு மீண்டும் சென்று, இவற்றையெல்லாம் மாணவனிடம் சொன்னோம். அவன் மடிப்பதை நிறுத்திக் கேட்டான். பின்பு, "அப்ப கடைக் கொப்பிக் காசை ஆர் சேர் குடுக்கிறது?" என்றான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. சக ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இம்மாதக் கடனைத் தீர்த்தோம். அவனும் வகுப்புக்கு வருகிறான். அடுத்த மாதத்துக்கு வழி தெரியவில்லை. இப்படியான கொப்பிகள் எத்தனை வீடுகளில் உள்ளன? தாயின் கடனுக்காகப் பிள்ளை பள்ளியை விட வேண்டிய நிலையை மாற்றுவது ஒரு வகுப்பறையால் ஆகும் காரியமன்று. ஆயினும், அந்நிலையைச் செல்வம் பெறும் வழியெனப் புகழ்ந்து கதை சொல்வதையேனும் ஆசிரியராகிய நாம் நிறுத்தலாமன்றோ?